கைரேகை சொல்லும் பாடம்

சென்ற திங்கள் இப்பகுதியில் பகுத்தறிவின் பெருமையைக் குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த நேயர் ஒருவர், "பகுத்தறிவே மனிதனுக்கு விலங்காக மாறிவிட்டது என்று மேனாட்டு அறிஞர் சிலர் எழுதுகின்றனராமே! விஞ்ஞானத்தைக் குறை கூறும் இவர்கள் நம்மை மீண்டும் இருட்டுக்கு அழைக்கின்றனரா?" என்று கேட்டு எழுதியுள்ளார். கடிதம் சிறிது, அது கிளப்பும் பொருளோ பெரிது. இதை எழுதும் நாம் பட்டம் பெற்றவரல்லர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, ரயில்வே அலுவலகத்தில் பேரேடு எழுதிக் காலம் கழிப்பவர். எனினும் பதிவும் எண்ணும் முத்திரையும் நாள்தோறும் நம் கையில் புழங்குபவை. ஆதலின் அந்த வழியிலேயே நின்று இக்கேள்வியை ஆராய்வோம்.

18ஆம் நூற்றாண்டை ஐரோப்பியர் அறிவொளிக் காலம் என்று அழைப்பர். 1781ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் என்பார் தாமே செய்த தொலைநோக்கியால் வானை அளந்து, யுரேனஸ் என்னும் கோளைக் கண்டார். 1784இல் ஜெர்மானிய ஞானி இம்மானுவேல் காண்ட், அறிவொளி என்றால் என்ன என்ற கேள்விக்கு விடையாக ஒரு கட்டுரை வரைந்தார். பிறர் கைப்பிடித்து நடத்தும் குழந்தை நிலையை விட்டு, மனிதன் தன் அறிவைத் தானே பயன்படுத்தத் துணிய வேண்டும் என்பது அதன் சாரம். 1796இல் எட்வர்ட் ஜென்னர் அம்மைப்பால் வைக்கும் முறையைச் சோதித்துக் காட்டினார். அந்த வழியிலேயே உலகம் நடந்து, 1980இல் பெரியம்மை அடியோடு ஒழிந்தது என்று அறிவிக்கப்பட்டது. நம் பாட்டிமார் முகங்களில் இருந்த வடு நம் பிள்ளைகள் முகத்தில் இல்லை. இந்நன்மையை மறப்பவர் நன்றி கொன்றவரே.

பின் ஏன் குறை கூறுகின்றனர்? ஹிட்லரின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த மாக்ஸ் ஹோர்க்ஹைமர், தியோடர் அடோர்னோ என்னும் இரு ஜெர்மானிய அறிஞர்கள், 1944இல் ஒரு நூலை எழுதி முடித்தனர். 1947இல் ஆம்ஸ்டர்டாமில் அது அச்சேறியது. 'அறிவொளியின் இயங்கியல்' என்று அதன் பெயரைத் தமிழிற் சொல்லலாம். மனிதன் இயற்கைக்கு அஞ்சினான். அச்சம் நீங்க இயற்கையை அளந்து அடக்கக் கற்றான். அதே அளவுகோலைப் பின்னர் மனிதன் மேலும் வைத்தான். எண்ணிக்கைக்குள் அடங்காத எதையும் இல்லையெனத் தள்ளினான் என்பது அவர்கள் வாதம். கல்வியிற் சிறந்த ஜெர்மனி நாடே கொலைக்களமாக மாறியதைக் கண்ட வேதனை அந்நூலில் இருக்கிறது. ஆயினும் அவர்கள் பகுத்தறிவை வேண்டாம் என்றவரல்லர். அஃதின்றிச் சமூகத்தில் விடுதலையே இல்லை என்று முன்னுரையிலேயே தெளிவாக்கியுள்ளனர்.

அடுத்து, பிரெஞ்சு அறிஞர் மிஷெல் ஃபூக்கோ 1975இல் சிறைச்சாலையின் வரலாற்றை எழுதினார். ஆங்கிலேயராகிய ஜெரமி பெந்தம் 1791இல் வெளியிட்ட சிறைத் திட்டம் ஒன்றை அவர் எடுத்துக் காட்டினார். வட்டமாக அறைகள், நடுவே ஒரு கோபுரம், கோபுரத்தில் இருப்பவன் எல்லாரையும் காண்பான், அவனை எவரும் காணார். தன்னை இப்பொழுது பார்க்கின்றனரா இல்லையா என்று அறியாத கைதி, எப்பொழுதும் பார்க்கப்படுபவனாகவே நடந்துகொள்வான். சவுக்கு வேண்டியதில்லை, பார்வையே போதும். அறிவு வளர வளர அதிகாரமும் வளர்கிறது, ஒன்றை ஒன்று தாங்குகிறது என்பது ஃபூக்கோவின் முடிவு.

இவையெல்லாம் ஐரோப்பியர் வீட்டுக் கதை, நமக்கென்ன என்று நேயர்கள் எண்ண வேண்டா. நாம் குடியேறி வாழும் இவ்வங்க மண்ணிலேயே தொடங்கிய ஒரு வரலாறு இவ்வாதத்திற்குச் சான்றாக நிற்கிறது. அதுவே கைரேகையின் வரலாறு.

வங்கத்தில் பிறந்த விஞ்ஞானம்

சிப்பாய்களின் எழுச்சி நடந்த மறு ஆண்டு, அதாவது 1858இல், முர்ஷிதாபாத் ஜில்லாவைச் சேர்ந்த ஜங்கிப்பூரில் ஓர் இளம் ஆங்கில அதிகாரி இருந்தார். அவர் பெயரும் வில்லியம் ஹெர்ஷல். வானத்தை அளந்த ஹெர்ஷலின் பேரர் அவர். சாலைக்குச் சரளை தருவதாக ராஜ்யதர் கோனாய் என்னும் வங்காளியோடு ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. கோனாய் கையெழுத்திட்டார். அதிகாரிக்கு அது போதவில்லை. அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த மையை எடுத்து, கோனாயின் வலக்கை முழுவதிலும் தடவி, அந்தத் தாளின் பின்புறத்தில் பதியச் செய்தார். பின்னாளில் 'இது என் கையெழுத்தன்று' என்று கோனாய் மறுக்காதபடி அச்சுறுத்துவதே தம் நோக்கம் என்று ஹெர்ஷல் தாமே எழுதி வைத்துள்ளார். அவ்வேளையில் ரேகையைப் பற்றிய விஞ்ஞானம் எதுவும் அவரிடம் இல்லை. இருந்தது அவநம்பிக்கை ஒன்றே. அவநம்பிக்கை முன்னே வந்தது. விஞ்ஞானம் பின்னே வந்தது. இதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

பல்லாண்டுகள் ரேகைகளைச் சேர்த்து ஒப்பிட்ட ஹெர்ஷல், ஒருவர் ரேகை வயதால் மாறுவதில்லை என்று கண்டார். 1877இல் ஹூக்ளியில் மாஜிஸ்டிரேட்டாக இருந்தபோது, பென்ஷன் வாங்குவோர், பத்திரம் பதிவோர், சிறைக்குச் செல்வோர் ஆகியோரிடம் விரற்பதிவு வாங்கச் செய்தார். இதில் நன்மையும் உண்டு. இறந்தவர் பெயரில் பென்ஷன் வாங்கும் மோசடி தடைப்படும். ஏழைக் குடியானவன் பெயரில் பொய்ப்பத்திரம் எழுதுவதும் கடினமாகும்.

பின்னர் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்ட்டன் இதனை ஆராய்ந்து 1892இல் நூலாக்கினார். 'மேலான' மனிதரைப் பெருக்கி மற்றவரைக் குறைக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கைக்கு 1883இல் பெயர் சூட்டியவரும் இவரே. ரேகையைக் கொண்டு இன்ன இனத்தான், இன்ன அறிவுடையான் என்று பிரித்துவிடலாம் என்று பெரிதும் நம்பினார். ஆங்கிலேயர், வேல்ஸ் நாட்டார், யூதர், ஆப்பிரிக்கர் எனப் பலர் ரேகைகளை ஒப்பிட்டுப் பார்த்தார். எந்த இனத்திற்கும் உரிய தனி அடையாளம் கிடைக்கவில்லை. தம் நம்பிக்கை பொய்த்தது என்று அந்நூலிலேயே ஒப்புக்கொண்டார்.

ரேகைகளைச் சேர்ப்பது எளிது. ஆயிரக்கணக்கில் சேர்ந்த பின் ஒன்றைத் தேடி எடுப்பதன்றோ அரிது! அம்முடிச்சை அவிழ்த்தவர் நம் நாட்டார். வங்கப் போலீஸ் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜீஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இருவர், எல்லா ரேகைகளையும் 1,024 பிரிவுகளில் அடக்கும் கணக்கு முறையை வகுத்தனர். நம் புக்கிங் அலுவலகங்களில் முன்பு அட்டை டிக்கெட்டுகளை ஊர்வாரியாக அடுக்கி வைத்த மாடத்தைக் கண்டவர்க்கு இதன் அருமை விளங்கும். 1897இல் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் அமைந்தது. முறைக்கு வழங்கிய பெயரோ 'ஹென்றி முறை' என்பது! 1901இல் ஹென்றி அதனை லண்டன் போலீஸுக்குக் கொண்டு சென்றார்.

கடல் கடந்த தமிழரும் ரேகையும்

லண்டன் செல்லுமுன், 1900இல் ஹென்றி தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டு அங்கே போலீஸ் படையை அமைத்தார். ஆறு ஆண்டுகள் சென்றபின், 1906இல், டிரான்ஸ்வால் அரசாங்கம் ஒரு சட்டம் கொணர்ந்தது. அங்கு வாழும் இந்தியர் அனைவரும் தம் பெயரைப் பதிந்து, விரல் ரேகைகளைக் கொடுத்துச் சீட்டுப் பெற வேண்டும். போலீஸ்காரர் கேட்கும்போதெல்லாம் காட்ட வேண்டும். தவறினால் அபராதம், சிறை, நாடு கடத்தல். அங்கிருந்த காந்தியடிகள், ஹென்றி எழுதிய நூலையே எடுத்துப் படித்தார். சட்டப்படி குற்றவாளிகளிடமே பத்து விரலும் வாங்கப்படும் என்பதை அதிலிருந்து அறிந்தார். பிழைக்க வந்தவரைக் குற்றவாளியின் வரிசையில் நிறுத்துகிறது இச்சட்டம் என்று கண்டார். 1906 செப்டம்பர் 11ஆம் நாள் ஜோஹன்னஸ்பர்க் நகரில் இந்தியர் கூடிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று ஆணையிட்டனர். உலகம் இன்று சத்தியாக்கிரகம் என்று போற்றும் நெறி பிறந்தது அன்றே. ஒரு கைரேகைப் பதிவேட்டை மறுத்தே அது பிறந்தது.

அப்போரில் தம்பி நாயுடு முதலாக எத்தனையோ தமிழர் மீண்டும் மீண்டும் சிறை புகுந்தனர். தமிழரின் தியாகத்தைக் காந்தியடிகள் பலமுறை வியந்து பேசியுள்ளார். புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இது உறவினர் கதை போன்றதன்றோ?

ஆனால் கதை இங்கே முடியவில்லை. 1908 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. இந்தியர் தாமாக முன்வந்து பதிந்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்று காந்தியடிகள் நம்பினார். அதே பத்து விரல்களையும் தாமே முதலிற் கொடுக்கச் சென்றார். சினங்கொண்ட நம்மவர் சிலர் வழியில் அவரை அடித்து வீழ்த்தினர். தடுக்கச் சென்ற தம்பி நாயுடுவும் அடிபட்டார். நினைவு திரும்பியதும் காந்தியடிகள் செய்தது, படுக்கையிலிருந்தபடியே ரேகை பதிந்ததுதான். நேற்று மறுத்ததை இன்று ஏன் கொடுத்தார்? மையிலும் தாளிலும் இழிவு இல்லை. மனிதனை நம்பாது கட்டாயப்படுத்துவதிலேயே இழிவு இருக்கிறது என்பது அவர் கருத்து. சட்டம் நீக்கப்படாது போகவே, 1908 ஆகஸ்டு 16ஆம் நாள் ஆயிரக்கணக்கான சீட்டுகள் எரிக்கப்பட்டன.

தாயகத்தில் நடந்தது

கடல் கடந்தோர்க்கு நேர்ந்தது இது. தாயகத்தில் இருந்தோர்க்கு நேர்ந்ததையும் காண்போம். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுக் குலங்களைக் குறித்து 1909இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மக்களின் தலையையும் மூக்கையும் உயரத்தையும் கருவிகளால் அளந்தவர் அவர். வயநாட்டுப் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓட்டமெடுத்தனராம். தங்களுள் நல்ல உருவமுடையோரைப் பிடித்துப் பாடம் செய்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அஞ்சினராம். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கோலைத் தூக்குமரம் என்று சொல்லி அளக்க உடன்படவில்லையாம். இவற்றைத் தர்ஸ்டன் வேடிக்கையாகவே எழுதியுள்ளார். அந்த எளிய மக்கள் கருவியின் பெயரை அறியாதிருக்கலாம். அதைப் பிடித்திருந்த கை எத்தகையது என்பதை அறிந்திருந்தனர்.

அவ்வச்சம் வீணன்று. வடநாட்டில் 1871இல் தோன்றிய குற்றப் பரம்பரையினர் சட்டம், 1911இல் விரிந்து சென்னை மாகாணத்திற்கும் வந்தது. சாதிதோறும் தொழில் பரம்பரையாக வருவதுபோல் குற்றமும் பரம்பரையாக வரும் என்பது அதை ஆதரித்தோர் வாதம். பிரமலைக் கள்ளர், குறவர் முதலிய சமூகத்தார் குற்றம் செய்தாலும் செய்யாவிடினும் பிறப்பினாலேயே பதிவேட்டில் ஏறினர். விரல் ரேகை கொடுத்தல் வேண்டும். இரவில் போலீசாரிடம் ஆஜராதல் வேண்டும். வெளியூர் செல்ல ராதாரிச் சீட்டு வேண்டும். அச்சட்டத்திற்கு நம் மக்கள் இட்ட பெயரே 'கைரேகைச் சட்டம்' என்பது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்க மறுத்துத் திரண்ட மக்கள்மேல் போலீசார் சுட்டனர். ஒரு பெண் உட்படப் பதினாறு பேருக்குக் குறையாமல் உயிரிழந்தனர்.

இங்கே நாம் நின்று எண்ண வேண்டும். கால்ட்டன் 1892இலேயே, ரேகையில் இனமும் குணமும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார். விஞ்ஞானம் கொடுத்த தீர்ப்பு அது. ஆனால் அரசாங்கம் விஞ்ஞானத்தின் கருவியை எடுத்துக்கொண்டது, தீர்ப்பை விட்டுவிட்டது. பழைய சாதி எண்ணத்திற்குப் புதிய பதிவேட்டின் உறையை இட்டது. எல்லா மனிதர் கையும் ஒருபடித்தானது என்று காட்டிய அதே ரேகையைக் கொண்டே, சிலரைப் பிறவிக் குற்றவாளிகள் என்று அடைத்து வைத்தது.

ஆகவே நேயர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. அந்த மேனாட்டு அறிஞர் கூறும் குறை மெய். ஆனால் அக்குறை அறிவினால் வந்ததன்று. அளப்பவன் கேள்வி கேட்கலாம், அளக்கப்படுபவன் கேட்கலாகாது என்ற ஏற்பாட்டினால் வந்தது. காண்ட் கேட்ட துணிவு ஒரு சாராருக்கு மட்டும் உரியதானால், மற்றவர்க்கு அது விலங்கே. அவ்விலங்கை உடைத்ததும் பகுத்தறிவே என்பதை மறக்கலாகாது. கள்ளர் மக்கள் 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்த மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப், அவர்களுக்காக மன்றங்களில் வாதாடினார். பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் போன்றோர் ஊர் ஊராகக் கிளர்ச்சி செய்தனர். பிறந்த குழந்தை எப்படிக் குற்றவாளியாகும் என்ற எளிய கேள்விக்கு விடை சொல்ல இயலாமல், 1947இல் சென்னை மாகாணத்திலும், 1952 ஆகஸ்டு 31 முதல் நாடு முழுவதும் அச்சட்டம் நீங்கியது. எனினும் பழைய எண்ணம் ஏடுகளில் ஒளிந்துகொண்டே இருந்தது. சிறை விதிகளில் எஞ்சியிருந்த சாதி வேற்றுமைகளையும், அச்சமூகத்தாரைக் குற்றவழக்கத்தாராகக் கருதும் விதிகளையும் 2024 அக்டோபர் 3ஆம் நாள்தான் உச்ச நீதிமன்றம் செல்லாதன என்றது.

இன்று நம் வீட்டில்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 2010 செப்டம்பர் 29ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி என்னும் சிற்றூரில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. இன்று நூறு கோடிக்கு மேற்பட்டோரின் விரல் ரேகையும் கண் அடையாளமும் பதிவாகியுள்ளன. இதனால் நம்போன்றோர்க்கு நன்மை இல்லையா? உண்டு. 2019இல் தொடங்கி 2022க்குள் எல்லா மாநிலங்களிலும் பரவிய ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தால், ஊரில் பதிந்த அட்டையைக் கொண்டு, உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிய தானியத்தை வேலை செய்யும் ஊரிலேயே விரலை வைத்து வாங்கலாம். வீட்டார் தம் பங்கை ஊரில் வாங்கிக்கொள்ளவும் தடையில்லை. முன்பு வெளியூர் வந்த ஏழைக்கு இவ்வசதி ஏது?

ஆயின் சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் உழைத்த விரலில் ரேகை தேய்ந்துவிடுகிறது. துணி வெளுப்போர், பாத்திரம் துலக்குவோர், முதியோர் விரல்களும் அப்படியே. இயந்திரம் 'பொருந்தவில்லை' என்கிறது. உழைத்துத் தேய்ந்த கையே உழைப்பாளியின் உணவுக்குத் தடையாகிறது. கடைக்காரர் இயந்திரத்தைக் காட்டுகிறார்; இயந்திரமோ பேசுவதில்லை. பெந்தமின் கோபுரம் கையகலப் பெட்டியாகச் சுருங்கி நம் தெருமுனையில் நிற்பது போலன்றோ இருக்கிறது!

இங்கேதான் நேயர்கள் துணிய வேண்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 26ஆம் நாள் தீர்ப்பில் ஆதார் சட்டத்தைப் பெரும்பாலும் ஏற்றபோதும், ரேகை பொருந்தாமையால் தகுதியுள்ள எவர்க்கும் உதவி மறுக்கப்படலாகாது என்பதையும், பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கலாகாது என்பதையும் தெளிவாக்கியது. ஆகவே இயந்திரம் மறுத்தால் வாயடைத்துத் திரும்ப வேண்டா. 'வேறு வழியில் என்னைச் சரிபார்த்துப் பொருளைக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுதிக் கொடுங்கள்' என்று மரியாதையோடு கேளுங்கள். எழுதத் தெரியாதவர்க்கு எழுதித் தர நம் சங்கத்து இளைஞர் இருவர் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், அதுவே பெருந்தொண்டு.

எந்தப் பதிவுக்கும் கை நீட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கும் வழக்கம் நமக்கு வேண்டும். இது எதற்காக? இது யார் கையில், எத்தனை காலம் இருக்கும்? பிழை நேர்ந்தால் எவரிடம் முறையிடுவது? கைது செய்யப்பட்டோரின் ரேகை, கண், உடல் அளவுகளைத் திரட்ட 2022இல் வந்த சட்டம், அப்பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க இடம் தருகிறது. ஒரு மனிதனின் ஆயுளுக்கும் நீண்ட நினைவு அது. இத்தகைய சட்டங்களைக் குறித்து நாட்டு மக்கள் கேள்வி கேட்பது விஞ்ஞானப் பகையன்று. விஞ்ஞானத்தின் இயல்பே அது. நம் அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவு, விஞ்ஞான மனப்பான்மையைக் குடிமகனின் கடமையாகச் சொல்லுமிடத்தில், மனிதநேயத்தையும் ஆராய்ந்து கேட்கும் உணர்வையும் உடன் வைத்தே சொல்கிறது. இரண்டையும் பிரித்தால் எஞ்சுவது வெறும் பேரேடு.

பேரேட்டின் இந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. நம் மாத இதழைப் படிப்போரிற் பலர் அலுவலகங்களில் எழுத்தர், சிலர் அதிகாரிகள். நாம் எழுதும் ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் ஒரு முகம் நிற்கிறது. ஏட்டில் இல்லை என்பதனால் எதிரில் நிற்பவர் இல்லையென்று ஆகிவிடாது. ஏட்டுக்கும் ஆளுக்கும் முரண் வந்தால், முதலில் ஏட்டைச் சரிபார்ப்போம். அளக்கும் கோல் நம் கையிலிருக்கும் வேளையில் அளக்கப்படுபவர் கேட்கும் கேள்விக்கு நின்று விடை சொல்வோம்.

அடுத்த திங்கள் வேறொரு பொருளோடு சந்திப்போம். நேயர்கள் தம் கருத்துகளை வழக்கம்போல் எழுதி அனுப்ப வேண்டுகிறோம்.